புண்ணுக்கு யார் பொறுப்பு?

மனிதன் மூப்படைவது இயற்கை. படுத்த இடத்தில் முதுகு அழுகிச் சாவது இயற்கையன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நூல்கள் பல கற்ற நாம் அறிந்திருக்கவில்லை. ஒரு தாதிதான் எமக்குக் கற்பித்தார். எம் குடும்பத்தின் துயரைக் கடைவிரிக்கும் நோக்கத்துடன் இதை எழுதவில்லை. தேயிலை மலைகளில் உழைத்து ஓய்ந்தவர்களின் உடம்பில் உண்டாகும் புண்ணுக்கு யார் பொறுப்பு என்பதைப் பலரும் கூடி ஆராய வேண்டும் என்ற எண்ணமே எம்மை எழுதத் தூண்டியது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் பாதை பொகவந்தலாவையைச் சென்றடைகிறது. தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்று வணிகர்கள் இதற்குப் பெயர் சூட்டியிருக்கின்றனர். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879ஆம் ஆண்டு காலமானபோது இங்குள்ள புனித மரியாள் ஆலய வளவிலேதான் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறையைத் தேடிப் பிரயாணிகள் இன்றும் வருகின்றனர். அக்காலத்தில் இதே மலையை வெட்டித் திருத்திய எம் முன்னோர் எங்கே புதைந்தனர் என்று எவரும் தேடுவதில்லை. அது போகட்டும். இறந்தவர்களைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. உயிரோடு படுத்திருப்பவர்களைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

எம் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மலையில் கொழுந்து பறித்தவர். மலையகத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பர். வயது சென்று வேலை நின்றதும் தொழிலாளியின் பெயரைச் செக்றோலிலிருந்து நீக்கிவிடுவர். ‘பேர் வெட்டுதல்’ என்பது அதற்கு வழங்கும் சொல். தாயாரின் பேர் வெட்டப்பட்டபோது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்திருந்த சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வந்தது. அது எம் தங்கையின் திருமணத்திற்கும் லயத்துக் கூரையின் தகரத்திற்கும் போயிற்று. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில், தம்பி குடும்பத்தோடு அவர் எஞ்சிய காலத்தைக் கழித்தார்.

2019ஆம் ஆண்டு ஆனி மாதத்து மழையில், பீலிக்கரைப் படியில் வழுக்கி விழுந்து அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 74. அறுவைச் சிகிச்சையை அவருடைய இருதயம் தாங்காது என்று வைத்தியர்கள் கூறினர். மூன்று வாரங்கள் வைத்தியசாலையில் இருந்தபின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அன்று முதல் அவருக்கு உலகம் ஒரு பலகைக் கட்டிலாயிற்று.

தம்பிக்குக் கொழும்பிலே கடைவேலை. தம்பி மனைவி காலையில் பெரட்டுக்குப் போனால் மதியம் கொழுந்து நிறுத்துவிட்டு ஓடிவந்து ஒரு வாய் சோறு ஊட்டுவாள். மீண்டும் மலைக்குப் போய் மாலை ஐந்து மணிக்குத் திரும்புவாள். நாமோ ஹட்டனில் ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் வந்து போனோம்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமையில்தான் வாசற்படியிலேயே அந்த நாற்றம் எம்மைத் தடுத்து நிறுத்தியது. முதல் நாள் மாலை ஆசிரியர் கூட்டமொன்றில் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு வந்திருந்தோம். கைதட்டல் ஓசை காதிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

“ஒன்னுமில்ல சாமி, அட்டை கடிச்ச மாதிரி இருக்கு” என்றார் தாயார்.

போர்வையை விலக்கிப் பார்த்தோம். முதுகின் அடியில், இடுப்பெலும்புகள் கூடும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. அதன் ஓரம் வெடித்துச் சீழ் கசிந்துகொண்டிருந்தது. அயல் வீட்டார் சொல்லியபடி அதன்மேல் கோப்பித்தூள் அப்பப்பட்டிருந்தது. தம்பி மனைவி மூலையில் நின்று அழுதாள். எமக்கு முதலில் எழுந்த உணர்ச்சி கோபம். அவள்மீதுதான் கோபம். அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை என்று கருதுகிறோம். உரிமை பேசிய நாவு, வீட்டுக்குள் நுழைந்ததும் குற்றவாளியைத் தேடிற்று. அகப்பட்டவள் அந்த வீட்டிலே மிக அதிகமாக உழைப்பவள்.

தோட்டத்து மருந்தகம் அன்று பூட்டியிருந்தது. அங்கே கடமையாற்றிய மருத்துவ உதவியாளர் அடுத்த தோட்டத்தையும் பார்க்க வேண்டியவர். திங்கட்கிழமை அவர் கோஸ் துணியும் மருந்தும் கொடுத்தார். அவரால் இயன்றது அவ்வளவே. பின்னர் அரசாங்க வைத்தியசாலையொன்றுக்குத் தாயாரைத் தூக்கிச் சென்றோம். அங்கே புண்ணுக்கு மருந்து கட்டும் பிரிவில் ஒரு சிங்களத் தாதி இருந்தார். அவர் புண்ணைப் பார்த்தார். எந்த மருந்து போட்டீர்கள் என்று கேட்கவில்லை. கொச்சைத் தமிழில் எம்மைப் பார்த்துக் கேட்டார்:

“மாஸ்டர், பகல்ல அம்மா பக்கத்துல யாரு?”

எம்மிடம் விடையில்லை. எவரும் இல்லை என்பதே உண்மை. புண்ணின் காரணமும் அதுவே.

படுக்கைப் புண் எவ்வாறு உண்டாகிறது என்பதை அந்த மிஸ்ஸி எமக்கு விளக்கினார். எலும்பு துருத்திய இடங்களில் உடலின் பாரம் தோலை அமுக்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. சில மணி நேரம் இரத்தம் செல்லாத தசை இறந்துபோகிறது. நோயாளியைத் தூக்காமல் இழுத்தால் தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் இழுபட்டு உள்ளே கிழிகிறது. சிறுநீரின் ஈரம் தோலை ஊறவைக்கிறது. சத்தில்லாத உடம்பு புதுத் தசையை உண்டாக்க மாட்டாது. முதற்படியில் தெரிவது வெறும் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்காமல் அந்தச் சிவப்பு அப்படியே நின்றால் அபாயம் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டாம் படியில் தோல் உரியும். மூன்றாவதில் புண் தோலடிக் கொழுப்பு வரை செல்லும். நான்காவதில் தசையும் எலும்பும் வெளிப்படும். எம் தாயார் மூன்றாவதைக் கடந்துகொண்டிருந்தார்.

இது புதிய அறிவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. நரம்பு கெட்டவனுக்குப் புண் வருவது தவிர்க்கவியலாதது என்று பிரெஞ்சு மருத்துவ மேதை ஷார்க்கோ கருதினார். படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றம் என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தமது தாதியியல் நூலில் எழுதினார். வழக்கைத் தீர்த்து வைத்தது இரண்டாம் உலக யுத்தம். முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்கள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துக்கொண்டிருந்த காலத்தில், நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து சேர்ந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன் 1944ஆம் ஆண்டு ஸ்டோக் மான்டவில் மருத்துவமனையில் ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தனர். பின்னர் அவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாட்டுப் போட்டிகளும் நடத்தினர். ஆகவே ஷார்க்கோவின் கட்சி தோற்றது. ஊழ்வினை என்று கருதப்பட்டது, மனிதக் கைகளின் பற்றாக்குறை என்று மெய்ப்பிக்கப்பட்டது.

மேனாடுகளில் முதியோர் இல்லங்கள் பெருகியபோது இந்த உண்மை ஒரு தொழிலாக வளர்ந்தது. புண் பராமரிப்பில் தனிப்பயிற்சி பெற்ற தாதியரும் வைத்தியரும் அவ்வில்லங்களுக்குச் சென்று வருகின்றனர். ஒவ்வொரு புண்ணின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து எழுதுகின்றனர். இறந்த சதையை அகற்றுகின்றனர். அழுத்தத்தால் வந்ததா, நீரிழிவால் வந்ததா, கால் நாளங்களின் கோளாற்றால் வந்ததா என்று வகை பிரிக்கின்றனர். இல்லத்துப் பணியாளருக்குக் கற்பிக்கின்றனர். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. அதன் வழிவந்த விதிகளின்படி, புண்ணில்லாமல் இல்லத்துக்கு வந்தவருக்குப் பின்னர் புண் உண்டானால், அது தவிர்க்க முடியாதது என்பதை இல்லந்தான் நிலைநாட்ட வேண்டும். அந்நாட்டிலும் இலாபத்துக்காக நடத்தப்படும் இல்லங்கள் ஆட்களைக் குறைக்கின்றன, முதியவர்கள் புண்பட்டுக் கிடக்கின்றனர் என்பது மெய்யே. எனினும் புண்ணுக்கு ஒரு பொறுப்பாளி உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த அளவுக்கேனும் அது முன்னேற்றம்.

எம் மலையகத்தில் முதியோர் இல்லம் எது? லயன் காம்பராதான். அங்கே வருகை தரும் புண் பராமரிப்பு வல்லுநர் யார்? மாமியாருக்கு மருந்து கட்டும் மருமகள்தான். அவளுக்குப் பயிற்சியில்லை, கூலியில்லை. புண் பெருத்தால் பழி மட்டும் உண்டு.

இந்த நிலைமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1912ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் நோய்க்குச் சில பொறுப்புகளைத் தோட்டத்தின்மீது சுமத்தியது. தொழிலாளி செத்துக்கொண்டிருந்தால் கொழுந்து யார் பறிப்பது என்ற கவலை அதன் அடியில் இருந்தது. வேலை செய்யும் கையையும், நாளை வேலை செய்யப்போகும் குழந்தையையும் காப்பதற்கென மருந்தகமும் பிள்ளைக் காம்பராவும் தோன்றின. பேர் வெட்டப்பட்ட கிழவனும் கிழவியும் அந்தக் கணக்கில் எந்த நிரலில் வருவர்? 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட மருத்துவமனைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. 2017இல் டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. இவையெல்லாம் நன்மையே. ஆயினும் கட்டிலை விட்டு எழ இயலாத முதியவளுக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள நல்ல வைத்தியசாலையும் அயல்நாட்டு வைத்தியசாலையும் ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது அவளிடம் வரும் ஒருவர்.

எம் தாயாரிடம் அந்த மிஸ்ஸி வந்தார். வைத்தியசாலையில் சில நாட்கள் வைத்து வைத்தியர் கறுத்த சதையை வெட்டி அகற்றிய பின்னர், கடமை முடிந்து செல்லும் வழியில் நான்கு தடவைகள் எம் லயத்துக்கு ஏறி வந்தார். அவருடைய கடமைப் பட்டியலில் எம் லயம் இல்லை. காகித அளவுகோலால் புண்ணை அளந்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதினார். கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவக் கற்பித்தார். ஸ்பிரிட்டும் கோப்பித்தூளும் கூடாது, அவை முளைத்து வரும் புதுச்சதையையும் கொன்றுவிடும் அல்லது அழுக்கேற்றிவிடும் என்றார். புண்ணைக் காற்றுப்படத் திறந்து காயவைக்க வேண்டும் என்று நம்பியிருந்தோம். அதுவும் தவறு. ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிக் குட்டிகளின் காயங்களை ஆராய்ந்து, ஈரம் காத்து மூடப்பட்ட காயம், காயவிட்ட காயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகத் தோல் மூடுகிறது என்று 1962ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறார். அந்தச் செய்தி எம் லயத்தை வந்தடைய ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

பழைய சேலைகளால் தலையணைகள் தைத்தோம். முதுகுக்குப் பின்னே ஒன்று, முழங்கால்களுக்கிடையே ஒன்று, குதிகால் கட்டிலைத் தொடாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. இழுக்காமல் இருவராகத் தூக்கித் திருப்பக் கற்றோம். மிஸ்ஸி சொல்ல, பள்ளிக்கூட நேரசூசி போல ஓர் அட்டையில் நாமே எழுதிக் கதவில் தொங்கவிட்டோம்: ஆறு மணி இடப்பக்கம், எட்டு மணி மல்லாந்து, பத்து மணி வலப்பக்கம். முட்டை, பருப்பு, நெத்தலி முதலியவற்றை மருந்தென்று எண்ணி ஊட்டும்படி சொன்னார்.

திருப்புவதற்கு ஆள் வேண்டுமே! முதல் மாதம் தம்பி மனைவி வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாள். அக்காலத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். இருபத்தைந்து பேர் தவறினால் 17,500 ரூபாய். அந்தப் புண்ணை ஆற்றிய மருந்துகளில் மிக விலையுயர்ந்தது அதுவே. எந்த மருந்துச் சீட்டிலும் அது எழுதப்படவில்லை. அடுத்த மாதம் அவள் மலைக்குப் போக, பேர் வெட்டப்பட்ட இரு கிழவிகள் பத்து மணியையும் பன்னிரண்டு மணியையும் ஏற்றனர். பள்ளி விட்டு வரும் மாணவர் இருவர் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வந்தனர். ஐந்து மாதங்களில் புண் மூடியது.

இந்தக் கூட்டுறவைப் புகழ்ந்து கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். அது பொய்யாகும். உதவிய கிழவிகளில் ஒருவர் அடுத்த ஆண்டு தாமே படுக்கையில் விழுந்தார். கொழுந்து மிகுந்த மாதங்களில் மாணவரும் தாய்மாருக்கு உதவ மலைக்கு ஓடினர். அயலாரின் அன்பு பெரிது. ஆனால் இரண்டு மணிக்கொருமுறை நாள் தவறாமல் அடிக்கும் கடிகாரத்துக்கு அன்பு மட்டும் ஈடுகொடுக்காது. ஆசிரியன் சம்பளம் வாங்கும் மகன் இல்லாத வீட்டில் முட்டைக்கும் கோஸ் துணிக்கும் எங்கே போவது?

எம் லயத்தின் கடைசிக் காம்பராவில் நீரிழிவுடைய முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய பாதங்கள் மரத்துப்போயிருந்தன. அடுப்பங்கரையில் குளிர் காய்ந்தபோது விரல் வெந்ததை அவர் உணரவில்லை. மிஸ்ஸி அவர் காலைப் பார்த்த அன்று காலம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெட்ட நேர்ந்தது. வலியற்ற காலின் புண்ணை எப்படி ஆற்றுவது என்பதை இந்தத் தீவே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1930களில் இலங்கையின் அறுவை வைத்தியப் பேராசிரியர் மில்ரோய் போல், தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு இட்டுப் பாரத்தைப் பரவச் செய்து ஆற்றும் முறையைக் கையாண்டார். வேலூரில் போல் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று காட்டி, மெத்தென்ற றப்பர் செருப்புகளைச் செய்வித்தார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதங்களுக்கு இதே வழி கையாளப்படுகிறது. கொழும்பிலே கண்ட அறிவு பொகவந்தலாவைக் கிழவனின் காலுக்கு வந்து சேரவில்லை. குறை அறிவில் இல்லை, அதைச் சுமந்து வரும் ஆளில் இருக்கிறது.

இது நடவாத காரியமா? எமக்குத் தொலைவிலல்லாத கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர் மக்களின் இயக்கமாகப் பரவிற்று; 2008இல் அம்மாநில அரசு அதைக் கொள்கையாக ஏற்றது. பஞ்சாயத்துத் தாதியர் படுக்கையில் உள்ளவர்களின் வீடு தேடிச் சென்று புண் கழுவுகின்றனர். தமிழ்நாட்டில் 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கிற்று. இலங்கையிலும் 2000ஆம் ஆண்டில் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை லயத்துக்கு ஏற்றிச் செல்லும் கால்கள்தாம் வேண்டும்.

நாம் கேட்பது பெரிய மாளிகை அன்று. சில தோட்டங்களுக்கு ஒருவராகப் புண் பராமரிப்பில் பயிற்சி பெற்ற தாதி ஒருவர். லயங்களுக்குச் செல்வதே அவருடைய கடமையாக இருக்க வேண்டும். படுக்கையில் கிடப்போரின் பெயர்ப் பட்டியல். செக்றோலில் வெட்டிய பேரை இங்கேயாவது எழுத வேண்டும். தட்டுப்பாடில்லாத கோஸ் துணியும் மருந்தும். வீட்டில் நின்று பராமரிப்பவளுக்கு அந்த நாட்களுக்குரிய கூலி. 2021இல் நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கப் போராடிய கைகள் இந்தக் கோரிக்கையையும் தங்கள் சாசனத்தில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

எம் தாயார் 2021ஆம் ஆண்டு மாசி மாதம் காலமானார். நீராட்டியபோது தம்பி மனைவி எம்மை அழைத்து அவருடைய முதுகைக் காட்டினாள். மூடிய தழும்பு வெளுத்து மெல்லியதாக இருந்தது. வேறு புண் ஒன்றும் இல்லை. அவள் எதுவும் பேசவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவள்மீது கோபித்ததற்கு நாம் அன்றுதான் மன்னிப்புக் கேட்டோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நம்மிற் பலர் லயத்திலே பிறந்து, படித்து, வெளியேறியவர்கள். கூட்டத்திற்கும் கருத்தரங்கிற்கும் வாழ்க்கையில் இடமுண்டு. ஆனால் அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, படுக்கையில் இருக்கும் முதியவரின் தலைமாட்டில் பழங்களை வைத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். போர்வையை விலக்கிக் குதிகாலையும் முதுகையும் பாருங்கள். பின்னர் அந்த மிஸ்ஸி எம்மிடம் கேட்ட கேள்வியை வீட்டாரிடமும், தோட்டத்தாரிடமும், அரசாங்கத்தாரிடமும் கேளுங்கள்: பகலிலே இவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?